குடவோலையும் வாக்காளர் பட்டியலும்

நம் தமிழ்ப் பேரவையிற் குடியாட்சியைப் பற்றிப் பேச எழுவோர் எவரும் உத்தரமேரூர்க் கல்வெட்டைக் குறியாது அமர்வதில்லை. முதற் பராந்தக சோழன் ஆட்சியில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையினை அங்குள்ள வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவர்கள் இன்றும் உரைத்து நிற்கின்றன. ஊரை 30 குடும்பாகப் பகுத்து, குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் நெருங்கிய சுற்றத்தாருக்கும் அங்கே இடமில்லை. குடத்தினின்று ஓலை எடுக்கும் வழக்கம் அக்காலத்தினும் பழையது என்பதற்கு அகநானூற்றின் 77-ஆம் பாட்டுச் சான்றாகும். இவற்றை நினைந்து நாம் பெருமிதம் கொள்ளுதல் தகுவதே.

ஆயினும், கைதட்டல் அடங்கிய பின்னர் ஒரு வினா எம் உள்ளத்தில் எஞ்சி நிற்கின்றது. எவருடைய பெயர் அக்குடத்துள் விழவில்லை? கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும், 35-க்கும் 70-க்கும் இடைப்பட்ட வயதும் உடையாரே அன்று ஓலைக்குரியர். அந்நிலத்தை உழுதவனுக்கு ஓலை இல்லை. பெண்டிர்க்கு ஓலை இல்லை. குடத்தைக் குலுக்கியதில் வஞ்சனை இருந்திராது. ஓலை எடுத்த சிறுவனிடத்தும் வஞ்சனை இருந்திராது. ஆயினும், ஊரில் வாழ்ந்த பெரும்பாலார்க்கு அத்தேர்தல் நிகழ்ந்ததும் ஒன்றே, நிகழாததும் ஒன்றே.

இதனால் யாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. தேர்தலின் நேர்மைக்குக் காவல் இரண்டு. ஓலை எவ்வாறு எடுக்கப்பெறுகின்றது என்பது ஒன்று; எவருடைய ஓலை குடத்துள் இருக்கின்றது என்பது மற்றொன்று. நம் காலத்தில் முன்னதைப் பற்றிய வாதமே மிகுதி. வாக்குப்பதிவு இயந்திரம், அதனோடு இணைத்த ஒப்புகைச் சீட்டு, விரலில் இடும் மை, எண்ணும் முறை என்பன பற்றி வீதிதோறும் பேச்சு நிகழ்கின்றது. அப்பேச்சு வேண்டுவதே. ஆயின், வாக்காளர் பட்டியல் என்னும் அக்குடத்தைப் பற்றிப் பேசுவார் சிலரே. வாக்குச்சாவடியில் நிகழும் குற்றத்தைப் பலர் காண்பர். பட்டியலில் நிகழும் பிழையோ ஓசையின்றி நிகழும். ஆதலின், வாக்குரிமையைக் காக்கும் தொழில் தேர்தல் நாளன்று தொடங்குவதன்று. பட்டியல் எழுதும் நாளிலேயே தொடங்குவது என்பதே இக்கட்டுரையில் யாம் வற்புறுத்த விழைவது.

இவ்வுரிமை நமக்கு எளிதில் வந்ததன்று. சென்னை மாகாணச் சட்டசபைக்கு 1920-ஆம் ஆண்டில் நடைபெற்ற தேர்தலில், பெரும்பாலும் சொத்தும் வரியும் உடையாரே வாக்களித்தனர்; பெண்டிர்க்கு அவ்வுரிமை இல்லை. மறு ஆண்டு, 1921-இல், பெண்ணென்னும் தடையை மாகாணங்களுள் முதன்முதலில் நீக்கிய பெருமை சென்னைக்கு உண்டு. எனினும், சொத்துடைய பெண்டிர்க்கே அதனால் பயன் விளைந்தது. 1935-ஆம் ஆண்டின் சட்டத்தாற் பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 3½ கோடி மக்களே. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவே, நிலமும் வரியும் கல்வியும் நோக்காது, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என விதித்தது. அவ்வயது 21-ஆக இருந்தது. 61-ஆம் திருத்தத்தால் 1989-இல் 18 ஆயிற்று. அத்திருத்தம் இன்றேல் இதனை எழுதும் எமக்கும், இதனைப் படிக்கும் நம் மாணவர் பலர்க்கும் வாக்கில்லை.

சட்டத்தில் ஒரு வரி எழுதுதல் எளிது. அவ்வரிக்குரியார் பெயர்களை எழுதுதலே அரிது. நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே எழுத்தறிந்திருந்த நாட்டில், அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன்னரே, 1948-ஆம் ஆண்டிலேயே பட்டியல் வேலை தொடங்கிற்று. வீடுதோறும் சென்று 17 கோடிக்கு மேற்பட்டார் பெயரை எழுதினர். அவ்வேலையில் ஓர் இடர் நேர்ந்தது. வட மாகாணங்கள் சிலவற்றிற் பெண்டிர் பலர் தம் பெயரை அயலார்க்குச் சொல்லார். இன்னாருடைய தாய், இன்னாருடைய மனைவி என்றே எழுதுவித்தனர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையரான சுகுமார் சென் அவ்வாறு எழுதுதலை ஏற்றிலர். ஒவ்வொருத்தியும் தன் பெயராலேயே குடிமகள் ஆதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. கொள்கை உயர்ந்ததே. ஆயினும், இறுதிவரை பெயர் கூறாத ஏறத்தாழ 28 லட்சம் பெண்டிர் பட்டியலினின்றும் நீக்கப்பெற்றனர். 1951-52-இல் நிகழ்ந்த முதற் பொதுத்தேர்தலில் அவர்கட்கு வாக்கில்லாதாயிற்று. நல்லெண்ணத்தோடு வகுத்த விதியும் எளியார்மீது எவ்வாறு வீழும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி, நம் காலத்து நிகழ்ச்சிக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தேர்தல் ஆணையம் பீகாரிற் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைத் தொடங்கியது. 7 கோடியே 89 லட்சம் பேர் இருந்த பட்டியல் ஆகஸ்டு 1-ஆம் நாள் வரைவாக வெளிவந்தபோது, ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. அப்பெயர்களைக் காரணத்தோடு வெளியிடுமாறு ஆகஸ்டு 14-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பணிக்க நேர்ந்தது. அவ்வேலை தமிழ்நாட்டில் நவம்பர் 4-ஆம் நாள் தொடங்கிற்று. டிசம்பர் 19-ஆம் நாள் வெளிவந்த வரைவில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தார், இடம் பெயர்ந்தார், இருமுறை பதிந்தார் என்பன கூறப்பெற்ற காரணங்கள். அப்பெயர்களிற் பல உண்மையாகவே நீக்கத்தக்கவை என்பதில் எமக்கு ஐயமில்லை. நகரங்களில் வாடகை வீடு மாறுவோர் எண்ணிறந்தவர். இறந்தார் பெயரும் ஆண்டுக்கணக்கில் நின்றிருந்தது. எம் கவலை எஞ்சிய பெயர்களைப் பற்றியதே.

அவற்றுள் ஒன்றை யாம் நேரிற் கண்டோம். எம் விடுதிச் சமையற்கூடத்திற் பல்லாண்டு பாத்திரம் துலக்கிய மூதாட்டி ஒருவர் உளர். வரைவு வெளிவந்த வாரத்தில், எம் வகுப்பு நண்பர் சிலர் அருகிலுள்ள தெருக்களில் வாழ்வார்க்குப் படிவம் நிரப்ப உதவிவந்தனர். அவர் அங்கு வந்து, மடித்து மடித்துத் தேய்ந்த வாக்காளர் அட்டையை நீட்டி, “தம்பி, என் பேரு இருக்குதா?” என்று வினவினார். மகளின் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. நீக்கப்பெற்றோர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இடம் பெயர்ந்தவர் என்றிருந்தது. உண்மைதான், மழையில் வீடு இடிந்தமையால் அவர் மகள் வீட்டிற்கு இடம் பெயர்ந்திருந்தார், அவ்வீடு அடுத்த தெருவில் உள்ளது! இருபதாண்டுகட்கு முற்பட்ட பட்டியலில் அவர் பெயரைத் தேடினோம். அங்கே ஓரெழுத்து வேறாக இருந்தது. கணவர் பெயரும் சிதைந்திருந்தது. அலுவலகத்திற்கு இரு நாள் அலைந்ததில் அவருக்கு இரு நாட் கூலி போயிற்று. ஆறுதலாக யாம் ஏதோ சொல்லப் புக, அவர், “ஓட்டு போனாப் போவுது தம்பி. நான் இருக்கேன்னு ஒரு தாள்ல எழுதியிருந்திச்சே, அதுல்ல போச்சு” என்றார். அரசியலைப் பற்றி மூன்றாண்டு யாம் பயின்ற பாடம் எதிலும் இத்துணை ஆழ்ந்த வாசகத்தை யாம் கேட்டதில்லை.

கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் ஆலயங்களிற் படிக்கப்பெறும் வரலாற்றை அன்று நினைந்தோம். அகுஸ்துராயன் கட்டளையாற் குடிமதிப்பு எழுதப்பெறும்பொருட்டு, தச்சன் ஒருவன் நிறைசூலியான மனைவியுடன் நாசரேத்தினின்று பெத்லகேம்வரை செல்ல நேர்ந்தது. அங்குத் தங்க இடமும் கிடைத்திலது. அது பேரரசன் தன் குடிகளை எண்ணிய கணக்கு. ஆதலின், அங்கே குடிகள் கணக்கைத் தேடி நடந்தனர். குடியரசிலோ குடிகளே அரசர். இங்கே கணக்கன்றோ குடிகளைத் தேடி நடத்தல் வேண்டும்? வாக்குச்சாவடி நிலை அலுவலராய்ப் பணியாற்றிய ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தம் சொந்த வேலையோடு இதனையும் சுமந்து வீடுதோறும் நடந்தனர் என்பதை யாம் மறவோம். குறை அவரிடத்தன்று, சின்னாளிற் பெருவேலையை முடிக்குமாறு விதித்த முறையிடத்தே உள்ளது.

இவ்விடத்து நண்பர் சிலர் தடை எழுப்புவர். “பட்டியலைத் தூய்மை செய்யாவிடின் இறந்தார் பெயரிற் கள்ள வாக்கு விழாதோ? ஒருவன் ஈரிடத்து வாக்களித்தல் நேர்மையோ?” என்பர். நேர்மையன்று, யாமும் உடன்படுகின்றோம். ஒருவர் ஓரிடத்திலேயே பதிதல் வேண்டும் என்பது 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி. ஆயின், இருவகைப் பிழையும் ஒரு நிறையின அல்ல. பட்டியலிற் பொய்ப்பெயர் ஒன்று நின்றால், அப்பெயரைக் கொண்டு வாக்களிக்க வருவானைச் சாவடியில் முகவரும் அலுவலரும் தடுக்கக்கூடும். மெய்ப்பெயர் ஒன்று நீங்கினாலோ, அவ்வுயிருள்ள மனிதர் சாவடி வாயிலில் நின்று திரும்புவதன்றி அன்று செய்யக்கூடியது ஒன்றுமில்லை. களை பறிப்பான் பயிரைப் பறித்துவிட்டுப் பின் நடலாம் என எண்ணுதல் உழவாகாது. ஒருமுறை பதிந்த பெயருக்குரிய மதிப்பை அளித்தல் வேண்டும் எனவும், தக்க அறிவிப்பும் உசாவலும் இன்றி நீக்கலாகாது எனவும் உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் லால் பாபு உசேன் வழக்கில் வகுத்த நெறி இதுவே.

மற்றுஞ் சிலர், “வாக்கை விலைக்கு விற்பவர்க்கு அதனைக் காத்தளித்து என்ன பயன்?” என்று இகழ்வர். இவ்விகழ்ச்சிக்கு இடந்தந்த நிகழ்ச்சிகள் நம் நாட்டில் உண்டு என்பதை நாணத்தோடு ஒப்புகின்றோம். 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் இராதாகிருஷ்ணன் நகரிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணம் பரவியமையால் அறிவித்த தேர்தலே கைவிடப்பெற்றது. கொடுத்தலும் கொள்ளுதலும் சட்டத்தின்முன் ஒருங்கே குற்றம். எனினும், விலைபேசுவோன் செல்வன், விலையாவோன் வறியன். இருவரையும் ஒரு தட்டில் வைத்துப் பழித்துவிட்டு வறியவனுடைய பெயரை மட்டும் அழித்தல் நீதியாகாது. மேலும், பட்டியலிற் பெயரில்லாதவனுக்குப் பணத்தை மறுக்கும் பெருமையும் இல்லை. தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் தெரிபவனுக்கன்றோ அறிவுரை கூறினார்? தெரியும் உரிமையே இல்லாதவனுக்கு எவ்வறிவுரையும் செல்லாது.

நிற்க. குறை கூறுதல் எளிது. பரிகாரம் யாது என வினவின், எம் சிற்றறிவிற்கு எட்டியவற்றைக் கூறுவோம். முதலாவது, எப்பெயரையும் நீக்குமுன் அப்பெயருக்குரியார் கையிலேயே காரணத்தோடு அறிவிப்பைத் தருதல் வேண்டும். வீட்டில் இல்லாதார் பெயரை நியாயவிலைக் கடையிலும் பள்ளிச் சுவரிலும் பலர் காண ஒட்டுதல் வேண்டும். இரண்டாவது, இறந்தார் பெயரை நீக்கும் பொருட்டு உயிருடையாரை அலைக்கழித்தல் ஆகாது. இறப்புப் பதிவேடு அரசினிடமே உள்ளது. அதனின்று செய்தியை நேரே பெறுவதாக ஆணையம் 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவித்தது. அவ்வழியே செவ்வழி. மூன்றாவது, இடம் பெயர்ந்தார் பெயரை ஓரிடத்து நீக்கலும் மற்றோரிடத்துச் சேர்த்தலும் ஒரே செயலாதல் வேண்டும். இன்று நீக்கி, சேர்த்தலை அவர் பொறுப்பில் விடுதல் கூடாது. நான்காவது, ஓரெழுத்துப் பிழைக்குப் பட்டியல் எழுதியவரே பொறுப்பாதல் வேண்டும்; எழுதப்பெற்றவரை அதற்காகச் சான்று தேட வைத்தல் தகாது. ஐந்தாவது, இத்தகைய பெருந்திருத்தத்தைத் தேர்தல் நெருங்காத ஆண்டிற் செய்தல் வேண்டும். மேல்முறையீடு முடியுமுன் வாக்குப்பதிவு வந்துவிடின் மேல்முறையீடு இருந்தும் இல்லாததே.

இந்நெறியை நமக்கு மட்டும் வேண்டுதல் போதாது. அரசியலமைப்பு நிருணய சபையில் 1949-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தேர்தல் அதிகாரத்தை மாகாண அரசுகளிடம் விடாது நடுவணமைப்பு ஒன்றிடம் அளிப்பதற்குக் காரணம் கூறிய டாக்டர் அம்பேத்கர், இனத்தாலோ பண்பாட்டாலோ மொழியாலோ வேறுபட்டாரைச் சில மாகாணங்கள் பட்டியலிற் சேர்க்காது விடுகின்றன என்னும் முறையீட்டை எடுத்துக் காட்டினார். தேர்தல் ஆணையம் இன்றுள்ள உருவிற் பிறந்தமைக்கு இக்கவலையும் ஒரு காரணம். திருப்பூரிலும் சென்னையிலும் பல்லாண்டு உழைத்து, இங்கேயே குடித்தனம் நடத்தி, தம் மக்களை இங்கேயே பள்ளிக்கு அனுப்பும் வடநாட்டுத் தொழிலாளர் இங்கே பதியக் கேட்பின், அவர் மொழி நோக்கி முகஞ்சுளித்தல் நமக்கு அழகன்று. அவர் வழக்கமாக வாழும் இடம் எது என்பதே சட்டம் கேட்கும் கேள்வி. கடல் கடந்து சென்று மலையகத்தில் உழைத்த தமிழர் பலர் 1948, 1949 ஆகிய ஆண்டுகளிற் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்து நின்ற வரலாற்றை அறிந்த நாம், பெயரற்று நிற்றலின் துயரை அயலார்க்குச் செய்யலாமோ?

இறுதியாக, உடன் பயிலும் நண்பர்க்கு ஒரு சொல். முன்பு ஆண்டிற்கு ஒரு நாளே, ஜனவரி 1-ஆம் நாளே, வயது கணிக்கும் நாளாக இருந்தது. 2021-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய திங்கள்களின் முதல் நாட்கள் நான்கும் அதற்குரியவாயின. ஆதலின் 18 நிரம்பியும் காத்திருப்பேன் எனச் சொல்ல இனி இடமில்லை. விடுதியில் வாழ்வோர் கல்லூரித் தலைவரின் சான்று பெற்று விடுதி முகவரியிற் பதியலாம், அன்றி, தம் இல்லத்திற் பதியலாம், இரண்டிடத்தும் பதியலாகாது. தம் பெயரைப் பார்த்த பின்னர், தம் வீட்டில் வேலை செய்வார் பெயரையும், விடுதிக் காவலர் பெயரையும், தெருமுனையிற் பழம் விற்பார் பெயரையும் பார்த்தல் ஒவ்வொருவர்க்கும் கடனாகும். அரசுப் பணிகளில் அமர்ந்துள்ள பழைய மாணவர்கட்கும் யாம் பணிவோடு விண்ணப்பிப்பது ஒன்றுண்டு: தம் மேசைக்கு ஒரு நீக்கற் படிவம் வரும்பொழுது, கையெழுத்திடுமுன் அது தாளன்று, ஓர் ஆள் என நினைதல் வேண்டும்.

எம் விடுதி மூதாட்டியார் பெயர் புதிதாகப் படிவம் அளித்த பின்னர்ப் பட்டியலிற் சேர்ந்தது. அச்செய்தியை யாம் சென்று உரைத்தபொழுது, அவர் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, தாளை வாங்கி, எழுத்தறியாராயினும் தம் பெயர் உள்ள வரியைக் காட்டச் சொல்லி, அதன்மேல் ஈரவிரலை வைத்துப் பார்த்தார். உத்தரமேரூரில் ஆயிரத்தொரு நூறு ஆண்டுகட்கு முன் குடத்துள் விழாத ஓலைகளுள் ஒன்று அன்று விழுந்தது என யாம் எண்ணிக்கொண்டோம். விழாது கிடக்கும் ஏனைய ஓலைகளைத் தேடி எடுத்து இடுதல் நம் தலைமுறையின் கடன்.